துரை வராத குளம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் அழைத்து, காட்டுயிர்கள் இயற்கையின் சமநிலையை எப்படிக் காக்கின்றன என்று சிறப்பிதழ் போடுகிறோம், நீங்கள் ஒரு கதை கொடுங்கள் என்றார். சரி என்றேன். நான் சரி என்று சொன்ன பிறகுதான் யோசிக்கிற ஆள்.

முதல் வரி இப்படி இருந்தது: ‘இயற்கை ஒரு மாபெரும் தராசு, அதன் ஒரு தட்டில்…’

அதோடு நிறுத்திவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது, உங்களைச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது முயற்சி: ‘ஆற்றங்கரையில் மூன்று மீன் குளங்கள் இருந்தன. அங்கே ஒரு நீர்நாய் வந்துபோகும்.’ இதற்குக் கொட்டாவி வரவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஏன் என்று மெதுவாகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

குளங்கள் என் அக்காவுடையவை. அக்காவும் அத்தானும் மீன் வளர்க்கிறார்கள். (‘வளர்த்தார்கள்’ என்று எழுதி அடித்துவிட்டேன். மூன்றாவது குளத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.) ஆற்றிலிருந்து தண்ணீர் வரும் பெரிய குழாய் வழியாக ஒரு நீர்நாய் உள்ளே வந்து, வேண்டிய மீனைத் தின்றுவிட்டு, கரையில் இருக்கும் தட்டைக் கல்லில் எச்சம் போட்டுவிட்டுப் போகும். அக்கா அதற்கு வைத்த பெயர் துரை.

காலையில் எழுந்ததும் அக்கா நேராக அந்தக் கல்லுக்குத்தான் போவாள். தேய்ந்துபோன பல் பிரஷ்ஷால் எச்சத்தைப் பிரித்து, செதில்களைக் கழுவி, வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்ப்பாள். குளத்துக்கு ஒரு வகை மீன் என்பதால், துரை எங்கே சாப்பிட்டார் என்று செதிலே சொல்லிவிடும். துரைக்கு விரட்டிப் பிடிக்கச் சோம்பல். மந்தமாக நீந்தும் மீனைத்தான் எடுப்பார். நோய் வந்த மீன்தான் மந்தமாகும். ஒரே குளத்துச் செதில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வந்தால் அங்கே ஏதோ சரியில்லை என்று அக்கா உடனே தண்ணீரை மாற்றிவிடுவாள். நாம் கரையில் நின்றால் தண்ணீரின் மேற்பரப்பு மட்டும் தெரியும். அவளுக்காக ஒரு மருத்துவர் தினமும் உள்ளே போய்ப் பார்த்து, நோயாளியையும் அப்புறப்படுத்திவிட்டு, சீட்டும் எழுதி வைத்துவிட்டுப் போனார்.*

* நண்டையும் துரைதான் தின்பார். நண்டு பெருத்தால் கரையில் வளை தோண்டும், கரை ஒழுகும். கட்டுரையாக இருந்தால் இதற்கே அரைப் பக்கம் ஒதுக்கியிருப்பேன்.

3

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் இந்தக் கதை உங்களுக்குப் புரியாது. அவள் பிரியத்தைத் திட்டாகத்தான் காட்டுவாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். அறிவிருக்கா உனக்கு என்று கேட்டுக்கொண்டேதான் எனக்குத் தலை துவட்டுவாள். அத்தானுக்குக் காலையில் தொடங்கினால் விளக்கணைக்கும்வரை அர்ச்சனை. அவர் காதில் விழாத மாதிரி சிரித்துக்கொள்வார். அவள் திட்டுவதை நிறுத்தினால்தான் பயப்பட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது துரைக்குத்தான் அதிகம் விழும்.

“துரை இன்னிக்கும் வந்து மொக்கிட்டுப் போயிருக்கார். கொஞ்சமாவது வெட்கம் இருக்கா? இவனை ஒழிச்சாத்தான் எனக்கு நிம்மதி.”

இருபது வருடம் அந்தத் திட்டில் வளர்ந்தவன் இதைப் புகார் என்று எடுத்துக்கொள்வானா? ஒருவன் எடுத்துக்கொண்டான்.

4

அந்த ஒருவன் யார் என்பதில்தான் ஆறு பிரதிகள் கிழிந்தன.

முதல் பிரதியில் அது அத்தான். அக்கா மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குப் போன சமயம் பார்த்து, குழாய் வாயில் கம்பி வலையை வைத்துக் கட்டிவிடுகிறார். நாணல் மறைத்ததால் யார் கண்ணிலும் படவில்லை. துரை வரவில்லை. அக்கா தினமும் வெறும் தட்டோடு திரும்புகிறாள். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, இரண்டாம் குளம் முழுக்க மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்கின்றன. அடுத்த வாரம் முதல் குளம். தண்ணீரை வடிக்கப் போன அக்கா வலையைப் பார்க்கிறாள். கட்டியிருப்பது அத்தானின் பச்சைக் கம்பி. நீங்களா என்று கேட்கிறாள். ஆமா என்கிறார்.

இதுவரை நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அத்தான் வில்லனாக மாட்டேன் என்கிறார். கத்துங்கள் என்று எழுதினால், அந்த மனிதர் எழுந்து போய் மீனுக்குத் தீவனம் போடுகிறார். இன்னொன்றும் இடித்தது. அத்தான் எதைக் கட்டினாலும் கம்பி முனையை உள்பக்கம் மடித்துவிடுவார், யார் கையும் கிழியக்கூடாது என்று. இந்த வலையை இழுத்தபோது அக்காவின் உள்ளங்கை கிழிந்தது.

5

[இங்கே ஆற்றின் மேல் வெயில் விழுவதைப் பற்றி நல்ல வர்ணனை ஒன்று இருந்தது. எடுத்துவிட்டேன். நாளைக் கடத்துவதற்காக எழுதியது.]

கட்டியது நான்.

அக்கா பயிற்சி வகுப்பில் இருந்த அந்த மூன்று நாளும் நான் அங்கே விருந்தாளியாகப் போயிருந்தேன். ஆணி அடிக்கத் தெரியாதவன் என்று பெயரெடுத்தவனுக்கு, அக்காவுக்கு ஒரு நல்லது செய்துவிட ஆசை. அத்தானிடம் சொன்னபோது, வேண்டாம் மச்சான், அவ திட்டுறது அப்படித்தான் என்றார். மறுநாள் அவர் தீவனம் வாங்கப் போனதும் அவருடைய பச்சைக் கம்பியை எடுத்துக் கட்டிவிட்டேன்.

வலை வெளிப்பட்ட அன்று அத்தான் போன் செய்தார்.

“நான்தான்னு சொல்லிட்டேன் மச்சான். நீங்க வாயத் திறக்காதீங்க. அவளுக்கு இருக்கிறது ஒரே தம்பி. எனக்கு அவ கோவம் பழக்கம்தானே.”

ஆனால் அக்காவுக்குக் கோபம் வரவில்லை. அத்தானைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது; இரண்டு வருடமாக இதற்கு மேல் பேச்சில்லை. போன மாதம் போயிருந்தேன். அத்தான் வேண்டுமென்றே சேற்றுச் செருப்போடு சமையலறைக்குள் நடந்தார். அக்கா துணியை எடுத்துத் துடைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவர் சிறிது நேரம் அங்கேயே நின்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பல் வலி என்று சமாளித்தேன்.

ஒரு பிராணி போனால் என்னென்ன சரியும் என்றுதானே ஆசிரியர் கேட்டார்? குளம் சரியும் என்பது இப்போது எனக்குத் தெரியும். சமையலறைவரை சரியும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

6

முடிவுகள்.

அ) துரை திரும்பி வருகிறார். ஆசிரியருக்குப் பிடிக்கும். ஆனால் வலையை அக்கா அன்றே பிய்த்தெறிந்தும் கல் காய்ந்துதான் கிடக்கிறது.

ஆ) வேறொரு நீர்நாய் வருகிறது. வரலாம். ஆற்றின் மேல்பக்கம் ஒன்றைப் பார்த்ததாக மீன் வாங்க வருகிறவர் சொல்கிறார். வருவதும் வராததும் அதன் இஷ்டம், எழுதியெல்லாம் வரவழைக்க முடியாது.

இ) தம்பி அக்காவிடம் உண்மையைச்…

இது ஒன்றுதான் என் கையில் இருக்கிறது. இதை எழுதாமல் இருக்கத்தான் ஆறு பிரதிகள் எழுதினேன்.

இந்த ஏழாவது பிரதி ஆசிரியருக்குப் போகவில்லை. உறையில் உன் விலாசம்தான் இருக்கிறது, அக்கா. இதுவரை நீங்கள் நீங்கள் என்று யாரோ வாசகரிடம் பேசுவதுபோல வந்தது, தைரியம் சேர்வதற்காக.

முடிவை நீ எழுது. அத்தான் பக்கத்தில் எங்காவதுதான் இருப்பார், செருப்பைக் கழற்றாமல். ஏன் பொய் சொன்னீர்கள் என்று முதலில் அவரைத் திட்டு, பாவம், அவர் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறார். அப்புறம் எனக்குப் போன் செய். எவ்வளவு நேரமானாலும் நான் வைக்க மாட்டேன். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், எப்போதும் தொடங்குகிற இடத்திலேயே தொடங்கு, அறிவிருக்கா உனக்கு என்று.