உறவினர் என்பதன் விளக்கம்

ஒரு தேசத்தின் மக்கள் ஏமாறாமல் இருப்பது சட்டத்தின் கையில். சட்டமோ, அதை எழுதுகிறவரின் நிதானத்தில். கிரிப்டோ காயின் வெளியிடுவோருக்கான விதிகளை எழுதிக்கொண்டிருந்த துணை இயக்குநர் அப்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

விதிகள் வந்ததும் புதுப் பிரிவு, அதற்கு அவர்தான் தலைவர் என்று பேச்சு. அதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனார். அதற்குள் சகலை முந்திக்கொண்டான். நேற்றுவரை தண்ணீர் ஃபில்டர் விற்றவன், சொந்தமாகக் காயின் விடப்போகிறானாம். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த பெரிய மாப்பிள்ளையான இவருடைய நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான்.

"போர்டுல யாரெல்லாம்?" என்றார் துணை இயக்குநர்.

"என் அண்ணன், மச்சான், ஒன்னுவிட்ட சித்தப்பா. ஒரு இடம் காலி. நீங்க வர்றீங்களா சகலை? சொன்ன இடத்துல கையெழுத்துப் போட்டாப் போதும். பழக்கம்தானே?"

மனைவியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமை ஒன்பதாம் விதி பிறந்தது: நிறுவனரின் உறவினர் இயக்குநர் குழுவில் இருக்கக் கூடாது. 'உறவினர்' என்பதற்கு விளக்கம் ஒன்றரைப் பக்கம் ஓடியது. அண்ணன், மச்சான், ஒன்றுவிட்ட சித்தப்பா எல்லாரும் சிக்கினார்கள். காலி இடம் நினைவுக்கு வந்தபோது, 'மனைவியின் சகோதரியுடைய கணவர்' என்று விசைப்பலகை அதிர அடித்தார்.

விதிகள் அமலுக்கு வந்தன. முதல் விண்ணப்பமே சகலையுடையது. சொந்தக்காரர்களைக் கழற்றிவிட்டு, முன்பின் தெரியாத நால்வரைப் போட்டிருந்தான்.

இயக்குநர் அம்மையார் கூப்பிட்டனுப்பினார்.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"ஏதோ தூரத்துச் சொந்தம் மேடம்."

"சகலைன்னு அவரே எழுதியிருக்காரு. விண்ணப்பதாரரோட உறவினர் இந்தப் பிரிவுல வேலை பார்க்கக் கூடாதுன்னு மூணாவது விதி இருக்கே?"

"அந்த விளக்கம் ஒன்பதாவதுக்காக எழுதினது மேடம்."

"விளக்கம்னா எல்லா விதிக்கும்தான் சார். உங்களுக்குத் தெரியாததா?"

பதவி துணை இயக்குநரின் உதவியாளருக்குப் போனது. சகலைக்கு அனுமதி கிடைத்தது. அன்று மாலை அவனே போன் செய்தான்.

"விதியெல்லாம் பிரமாதம் சகலை. ஒரு ஓட்டை இல்லைன்னு எங்க வக்கீலே அசந்துட்டாரு."

'பிரிவுத் தலைவர்' என்று அவர் முன்கூட்டியே செய்து வாங்கி மாமியாரிடம் பெருமையாகக் கொடுத்த பித்தளைப் பெயர்ப்பலகை, மாமியார் வீட்டு ஷோகேஸில் பத்து நாளாக இருக்கிறது.