லிஃப்ட் இல்லாத இடமாகப் பார்

ஜூன் 15, ஞாயிறு, மாலை

இன்று ஒரு தவறு செய்துவிட்டேன். சின்னத் தவறுதான் என்று அம்மா சொல்கிறாள். இந்த ஊரில் இருக்கப் போகும் இரண்டு நாளில் எங்கெங்கே சுற்றிப் பார்க்கலாம் என்று திட்டம் போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தபோது அப்பா கேட்டது ஒன்றுதான்: "லிஃப்ட் இல்லாத இடமா பாரும்மா." ஊரை மேலிருந்து பார்க்கக் கட்டிய பார்வைக் கோபுரத்தை நான் சேர்த்தேன். படிக்கட்டு உண்டு என்று படித்திருந்தேன். அது இறங்குவதற்கு மட்டும் என்று அடுத்த வரியிலேயே போட்டிருந்தார்கள். அடுத்த வரியை நான் படிக்கவில்லை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். விருந்துக்குப் போன பல் வைத்தியர் சாப்பிடுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது போல, எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அப்பாவின் காது லிஃப்டிடம் போய்விடும். "கதவு இழுக்குது பாரு" என்பார். எங்களுக்கு ஒன்றும் கேட்காது. இதில் வேடிக்கை, நாங்கள் குடியிருக்கும் வீடு மாடியில், அந்தக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. "ஊருக்கெல்லாம் ஏத்தி இறக்குவார், பொண்டாட்டி மட்டும் மூச்சு வாங்கணும்" என்று காய்கறிப் பையோடு ஏறும்போதெல்லாம் அம்மா சொல்வாள்.

போன வருடம் அப்பாவின் தோள்பட்டை பிசகியது. அதிலிருந்து அவருடைய கம்பெனி இந்த ஊர்க் கிளையில் வேறு வேலை தருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பேசுகிற அவசர அழைப்பு அறைக்குப் பொறுப்பாளர். அம்மாவுக்கு உடனே வந்துவிட ஆசை. அப்பாவுக்கு அந்த வேலையின் பெயரைக் கேட்டாலே முகம் சுருங்கும்.

"மேசைக்குப் பின்னாடி உக்காந்து ஹலோ ஹலோன்னு சொல்றதுக்கா இத்தனை வருஷம் கிரீஸ் பூசிக்கிட்டேன்?"

"தோளைத் தூக்கிச் சட்டை போட முடியல. நான்தான் மாட்டி விடுறேன். இந்த லட்சணத்துல கிரீஸ் வேற."

நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஊரை ஒரு முறை குடும்பத்தோடு பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அப்பா தவணை வாங்கியிருந்தார். ஊர் பிடிக்காமல் போக வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டதாக எனக்குப் பட்டது. நான் தப்பாகவும் நினைத்திருக்கலாம்.

நேற்று பூங்காவுக்குப் போனோம். என் தங்கையை வீட்டில் சிட்டு என்போம், எட்டு வயது. அவளுக்குச் சறுக்குமரம் பிடித்தது, ஏரிப் படகு பிடித்தது, டிக்கெட் கிழிக்கிறவரின் தொப்பிகூடப் பிடித்தது. அம்மா எதையும் வேடிக்கை பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்து, தண்ணீர் எப்போது வரும், வாடகை என்ன, மேல் வீட்டுக்காரர்கள் நாற்காலியை இழுப்பார்களா என்று விசாரித்தாள். எழுந்து வரும்போது ஒருத்தியின் நாத்தனார் சண்டைவரை தெரிந்து வைத்திருந்தாள். அப்பா படகில் துடுப்பு கனம் என்றார், ஏரியில் தண்ணீர் குறைவு என்றார், வாத்துகள் மெலிந்திருக்கின்றன என்றார்.

"வாத்துக்கு எடை பாத்துத்தான் வீடு மாத்துவீங்களா?" என்றாள் அம்மா.

இன்று காலை கோபுரம். வாசலில் நின்று லிஃப்டை, அதுவும் தன் கம்பெனி லிஃப்டைப் பார்த்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார். நான் என் செருப்பைப் பார்த்தேன். "சரி, ஏறுங்க" என்றார்.

எங்களோடு ஓர் இளைஞரும் ஏறினார். உடற்பயிற்சி செய்து செய்து கதவு அகலத்துக்கு வளர்ந்தவர். அவர் உள்ளே வந்ததும் எங்களுக்கு இடம் குறைந்தது. பாதி உயரம் போயிருப்போம். ஒரு குலுக்கல். லிஃப்ட் நின்றுவிட்டது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அப்பாவின் கை தானாக இடுப்புக்குப் போனது. கருவிப் பை தொங்கும் இடம். இன்று அங்கே சிட்டுவின் தண்ணீர் பாட்டில்தான் இருந்தது.

"சரி பண்ணுங்கப்பா" என்றாள் சிட்டு.

"உள்ள இருந்து ஒண்ணும் பண்ண முடியாதுடா."

"அப்ப நீங்க வெளியில மட்டும்தான் மெக்கானிக்கா?"

"வீட்டு ஃபேனுக்கும் இதே பதில்தான்" என்றாள் அம்மா.

அப்பா மணிப் பொத்தானை அழுத்தினார். நெடுநேரம் கழித்து ஓர் ஆண் குரல் வந்தது.

"ஹலோ, எந்த லிஃப்ட்?"

"பார்வைக் கோபுரம்."

"கோபுரத்துல எந்த லிஃப்ட்?"

"இருக்கிறதே ஒண்ணுதாங்க."

"சரி சரி. பதட்டப்படாதீங்க. யாரும் பதட்டப்படக் கூடாது!" என்று அந்தக் குரல் ஏகப் பதட்டமாகச் சொல்லிவிட்டு நின்றது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

அதுவரை யாரும் பதட்டப்படவில்லை. இப்போது அந்த இளைஞரின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அவ்வளவு பெரிய கைகளால் சுவரை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"சார், வயர் அறுந்துடுமா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். வீட்டில் பேசுகிற குரல் வேறு, இப்போது வந்த குரல் வேறு. மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வது போல் பேசினார்.

"அறுந்துடாது தம்பி. ஒண்ணு இல்ல, நிறைய வடம் இருக்கு. ஒண்ணு போனாலும் மத்தது தாங்கும். எல்லாமே போச்சுன்னு வச்சுக்கங்க, தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்க அடியில பிரேக் இருக்கு. இப்ப அது நம்மளைப் பத்திரமாப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான். காத்து அந்த ஓட்டை வழியா வருது, பாருங்க. தரையில உக்காருங்க. எங்க வேலை பாக்கறீங்க?"

"ஜிம்ல கோச் சார்."

"எவ்வளவு எடை தூக்குவீங்க?"

அவர் ஒரு எண்ணைச் சொன்னார். அம்மா வியந்து போனாள். "இவர் கேஸ் சிலிண்டரைக் கண்டாலே கடைக்குக் கிளம்பிடுவார் தம்பி" என்றாள். இளைஞர் சிரித்துவிட்டார். சிட்டு அவர் கையைத் தொட்டுப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு. அப்புறம் ஏன் அண்ணா பயப்படுறீங்க?" என்றாள். நானும் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்ததை அவள் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

குரல் திரும்பி வந்தது. "ஹலோ, இருக்கீங்களா?"

"வேற எங்க போறது?" என்றாள் அம்மா.

அப்பா அவளைக் கையமர்த்தினார். "நாங்க நல்லா இருக்கோம். அஞ்சு பேர், அதுல ஒரு குழந்தை. யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல. மெக்கானிக் எங்க வந்துக்கிட்டிருக்கார்னு கேட்டு அப்பப்ப எங்களுக்குச் சொல்லுங்க. வரலைன்னாலும் வரலைன்னு சொல்லுங்க. சும்மா விட்டுட்டு மட்டும் போகாதீங்க."

"சரி சார். தப்பா எடுத்துக்காதீங்க சார், நான் பில் போடுற ஆளு. இந்த நாற்காலிக்கு ஒருத்தரைப் போட்டிருக்காங்க. அவரு வர்றேன், வரலைன்னு எதையும் சொல்லாம இழுத்துக்கிட்டே இருக்காராம். அதுவரைக்கும் ஆளுக்கு ஒரு நாள்னு எங்க தலையில கட்டிட்டாங்க."

அம்மா கூரையைப் பார்த்தாள். நான் பேச வாயெடுப்பதற்குள் சிட்டு குரல் வந்த துளைக்கு நேராக எம்பிக் கத்தினாள்:

"அங்கிள்! அது எங்கப்பாதான்!"

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"சார்... நீங்களா சார்?"

"ஆமா" என்றார் அப்பா. இவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"ஐயோ, இழுக்கிறார்னு சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க சார்."

"உள்ளதைத்தானே சொன்னீங்க" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அந்த மனிதர் எங்களை விடவே இல்லை. மெக்கானிக் பாலத்தைத் தாண்டிவிட்டார், சிக்னலில் நிற்கிறார், வண்டியை நிறுத்த இடம் தேடுகிறார் என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். மெக்கானிக் படிக்கட்டு வழியாக மேலே மோட்டார் அறைக்கு ஏறிவிட்டார் என்றதும் ஜிம் கோச் கைதட்டினார். கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் மெல்ல மெல்ல இறங்கியது. கதவு திறந்தது. மேலிருந்து இறங்கி வந்த மெக்கானிக் எங்களை வெளியே விட்டார், அப்பாவிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார், யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பவும் வேலைக்குப் போய்விட்டார். ஜிம் கோச் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வலிக்கிற தோள் பக்கத்துக் கை அது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

கோபுரத்துக்கு எதிரே இருந்த கடையில் டீ குடித்தோம். மேலே போய்ப் பார்க்கவே இல்லையே என்று சிட்டு அழுது முடித்து, இப்போது பன் தின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அந்த மெக்கானிக் மேல தப்பில்ல" என்றார். "நானும் அப்படித்தான். கதவைத் திறப்பேன், ஆளை வெளிய விடுவேன், கையெழுத்து வாங்குவேன், போயிடுவேன். உள்ள இருந்தவங்க அதுவரைக்கும் எப்படி இருந்தாங்கன்னு ஒரு நாளும் நினைச்சதில்ல. இன்னைக்குத்தான் முதல் தடவையா உள்ள மாட்டியிருக்கேன்."

அம்மா கிண்டல் செய்வாள் என்று காத்திருந்தேன். அவள் டீயை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தப் பில் போடுற ஆளு நல்ல மனுஷன்" என்றார் அப்பா. "ஆனா அவருக்கு லிஃப்டு தெரியாது. நாளைக்கு யாராவது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா என்ன சொல்வார்? பதட்டப்படாதீங்கன்னுதான் சொல்வார்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"என்ன நடக்குதுன்னு சொல்வேன்." டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "வாரத்துல ஒரு நாளாவது வெளியில வேலைக்கு விடணும்னு கேப்பேன். பாரம் தூக்க மாட்டேன். கூட நின்னு பாக்கத்தான்."

"கேளுங்க. கொடுக்கலைன்னா?"

"கொடுக்கலைன்னாலும் வர்றேன்னு சொல்லிடுறேன்."

அம்மா உடனே தலையைத் திருப்பிக்கொண்டு டீக்கடைக்காரரிடம் இந்தத் தெருவில் வாடகை என்ன என்று கேட்டாள். அவள் கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. டீ ஆவியாகவும் இருக்கலாம். என் இடத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை.

விடுதி அறைக்கு வந்த பிறகு என் தவறுக்காக அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "எந்தத் தவறு?" என்றார். நான் விளக்க ஆரம்பித்ததும் தூங்கிவிட்டார்.

நாளை: காலையில் அப்பா கம்பெனிக்கு ஃபோன் செய்வார். எங்கள் ஊரில் நான் படிக்கிற மாலை வகுப்பு இங்கேயும் உண்டு; ரயிலுக்குக் கிளம்புமுன் அதன் அலுவலகத்துக்குப் போய், படிப்பின் நடுவில் வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா என்று நான் கேட்டு வர வேண்டும்.