லேசர் கண் மாப்பிள்ளை

என் கண்ணாடியைக் கழற்றச் சொன்னவர் என் மாமனார்தான். அப்போது அவர் மாமனார் ஆகவில்லை. நாகலூருக்குப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், பெயர் பெரியநாயகம். அதே எஸ்டேட்டில் நான் ஜீப் ஓட்டினேன். அதற்கு முன்னால் சேலத்தில் ஒரு நூல் மில்லில் நைட் ஷிப்ட். ராத்திரியெல்லாம் விழித்து, பகலெல்லாம் தூக்கம் வராமல் கூரையை முறைத்து, ஒரு நாள் ஷிப்டின் பாதியில் வெளியே வந்தவன் திரும்பிப் போகவில்லை. அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

தொண்ணூற்றேழு மார்கழியில் ரைட்டரை ஏற்காட்டுக்கு ஏற்றிப் போனேன். பனிக்குள் நுழைந்தால் கண்ணாடி வேர்த்துவிடும். ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து மாட்டுவது என் வழக்கம். அன்றைக்கும் ஒரு திருப்பத்தில் துடைத்தேன். ரைட்டர் "மாதாவே" என்றார். அதோடு சரி, திரும்பி வருகிறவரை பேசவில்லை.

பிறகு என் அம்மா அவர் மகள் ஞானசுந்தரியை எனக்குக் கேட்டுப் போனபோதுதான் பேசினார்.

"ஏசுராஜ் நல்ல பையன்தானுங்க. ஆனா அவன் கண்ணாடியத் தொடைக்கற நேரத்துல எம் மவ தாலி அறுந்துரும். கண்ணாடி இல்லாம ஓட்டட்டும், தர்றேன்."

மெட்ராஸில் கண்ணுக்கு லேசர் வந்திருந்தது. மில்லில் கணக்கு முடித்துக் கொடுத்த பணம் அதற்குச் சரியாக இருந்தது. ஒரு கண்ணுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முடி பொசுங்கும் வாசனை வந்தது. பொசுங்கியது என் கண்.

ஒரு மாதம் கழித்துச் சோதனைக்குப் போனேன். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்தேன். ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் மங்கலாக ஒரு தம்பி எழுத்து உட்கார்ந்திருந்தது. தம்பிகளைப் பற்றி டாக்டர் கேட்கவில்லை. "பிரமாதம், இனிமே கண்ணாடியே வேண்டாம்" என்றார். தலைவலியைச் சொன்னேன். போகப் போகப் பழகிவிடும் என்றார். தலைவலி என்னோடு பழகுமா, நான் தலைவலியோடு பழக வேண்டுமா என்று கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பகலில் சமாளிக்கலாம். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் தொலைந்தேன். எந்த விளக்கைப் பார்த்தாலும் அதைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்தைச் சுற்றி முள். எதிரே ஒரு லாரி வந்தால் ஜீப்பின் முன் கண்ணாடி முழுக்க வெள்ளை. ஏற்காட்டில் இதற்கு ஒரு கூடுதல் கஷ்டம் உண்டு. பனி இறங்கினால் எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். ஆகவே வெள்ளையாகத் தெரிவது ஊர்ப் பனியா, என் சொந்தப் பனியா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. "இன்னைக்குப் பனி இருக்குதுங்களா?" என்று டிரைவர் கேட்டால் ஜீப்பில் யார் ஏறுவார்கள்?

எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் வேறு ஊசியும் நூலுமாக வந்தார்கள். லேசர் போட்ட கண் ராக்கெட் வரைக்கும் பார்க்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு இரண்டு ஊசி தெரியும், எப்போதும் தப்பான காதில்தான் நூலை நுழைப்பேன். அதற்குக் கை நடுக்கம் என்று பெயர் வைத்தார்கள்.

பெண் பார்க்கப் போனபோது கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன், நடு வீட்டில் டியூப் லைட் எரிந்ததால். கண் சிவந்திருந்தது. நெற்றியில் தைலம். ஞானசுந்தரி காப்பி டம்ளரை நீட்டினாள். நான் அதற்கு மேலே இருந்த டம்ளரை எடுத்தேன். அங்கே டம்ளர் இல்லை. அவள் என் கையைப் பிடித்து டம்ளரில் வைத்தாள். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. ரைட்டர் மட்டும் என்னை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "வயசுல எல்லாரும் அப்படித்தான்" என்றார். எனக்கு அர்த்தம் புரியவில்லை.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று. தொண்ணூற்றொன்பது பொங்கல் சமயத்தில் இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாவதையும் வாசித்துவிட்டால் கல்யாணம்தான். அதுவரைக்கும் என் கண் விஷயம் ரைட்டருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் பெண் கிடையாது.

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் அப்பாவையும் மகளையும் ஜீப்பில் ஏற்காடு டவுனுக்கு அழைத்துப் போனேன். வெளிச்சத்திலேயே திரும்புவதாகத்தான் ஏற்பாடு. தையல்காரன் கல்யாண ஜாக்கெட்டின் கையைத் தப்பாக வைத்துவிட்டு, பிரித்து, மறுபடி வைத்தான். கிளம்பும்போது இருட்டிவிட்டது.

டவுனைத் தாண்டி முதல் வண்டி எதிரே வந்தது. எல்லாம் வெளுத்துப் போனது. வண்டி கடந்த பிறகும் வெளுப்பு போகவில்லை. சந்தேகமே இல்லை, பனிதான் என்று முடிவு கட்டினேன். மலை ரோட்டில் பனி கட்டிக்கொண்டால் ஒரு முறை உண்டு: கிளீனர் வெள்ளைத் துண்டோடு முன்னால் நடப்பான், வண்டி துண்டைப் பார்த்துப் பின்னால் ஊர்ந்து போகும். எனக்குக் கிளீனர் இல்லை.

"மாமா, பனி நொம்ப அடைக்குதுங்க. நீங்க கொஞ்சம் துண்டப் புடிச்சுட்டு முன்னால நடந்தீங்கன்னா..."

ரைட்டர் என்னைப் பார்த்தார். வெளியே பார்த்தார். இறங்கித் தோள் துண்டைக் கையில் பிடித்து நடந்தார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். ஃபர்ஸ்ட் கியரில் பின்னாலேயே போனேன். ஒரு ரைட்டரின் தோளில் இன்னொரு ரைட்டர் ஏறி நிற்பது போல் இரண்டு பேர் நடந்தார்கள்.

பின் சீட்டிலிருந்து ஞானசுந்தரி முன்னால் குனிந்தாள்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி ஊதுங்க."

"என்னது?"

"வாயை ஊதுங்க."

ஊதினேன். மோந்து பார்த்தாள்.

"டீ வாசந்தான் வருது" என்றாள், ஏமாந்த குரலில்.

அந்த நேரம் எதிரே சின்னசாமி வந்தார். மேலே காடு வைத்திருக்கிற மலைக்காரர்; தலையில் புல்லுக்கட்டு. ரைட்டரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க ரைட்டரே, மாதா தேருங்களா? முன்னால கொடி, பின்னால தேரு. பாட்டுத்தான் காணோம்."

"மாப்பிள்ளைக்குப் பனியில வழி காட்டறனுங்க."

"எங்கீங்க பனி? கீழ சேலத்து லைட்டு பூரா பளிச்சுனு தெரியுதுங்களே."

நான் எஞ்சினை அணைத்தேன். சின்னசாமி இன்னும் கொஞ்ச நேரம் நின்று, வேறு எதுவும் நடக்காது என்று தெரிந்ததும் போய்விட்டார்.

ரைட்டர் ஜன்னல் அருகே வந்தார். "எத்தன கிளாசுங்க மாப்பிள்ளை?"

"இவரு குடிக்கலீங்கப்பா" என்றாள் ஞானசுந்தரி.

"தெனமும் குடிக்கறவனுக்கு வாசம் வராது சாமி. பொண்ணுப் பார்க்க வந்தன்னைக்கே எனக்குத் தெரியும். கண்ணு செவப்பு, கை நடுக்கம், காலையில தலையப் புடிச்சுட்டு உக்காந்துக்கறது. உள்ள உக்காந்து சாவறதுக்கு வெளிய நடக்கலாமுன்னுதான் எறங்கினேன்."

"அப்பறம் எதுக்குங்க ரெண்டு ஓலை வாசிக்க உட்டீங்க?" என்றேன்.

"குடின்னா சாமியார்கிட்டக் கூட்டிப் போய்ச் சத்தியம் வாங்கிப் போடலாமுன்னு இருந்தேன்."

இனி மறைக்க ஒன்றும் இல்லை. சொன்னேன். வட்டம், முள், தம்பி எழுத்து, தலைவலி, எல்லாம். ரைட்டர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நீங்கதான மாமா கண்ணாடியக் கழட்டச் சொன்னீங்க."

"கழட்டச் சொன்னேன். கண்ணைச் சொரண்டச் சொன்னனா? இது சரிப்படாது. நாளைக்கு ஓலை வேண்டாமுன்னு சாமியார்கிட்டச் சொல்லிடறேன்."

ஞானசுந்தரி இறங்கி என் பக்கத்துக் கதவருகே வந்தாள்.

"என்னையப் பாருங்க. எத்தன பேரு தெரியுது?"

"ஒண்ணரை."

"அரை எங்க இருக்குது?"

"மேல."

"எங்கிட்டயாவது சொல்றதுக்கென்னங்க?"

"கல்யாணம் நின்னுருமேன்னு."

"ஜீப்பு கவுந்தா மட்டும் நடக்குமுங்களா?"

நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். தலை வேறு விண்ணென்று தெறித்தது.

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "குடிகாரன்னு நெனச்சுக் குடுக்கறதுக்கு ஒத்துக்கிட்டீங்க. குடிக்கலைன்னு தெரிஞ்சதும் வேண்டாங்கறீங்க."

"குடி விடிஞ்சாத் தெளிஞ்சுரும் கண்ணு. இது தெளியுமா?"

"தெளியாட்டி போகட்டும். இவரு இனிமே ஸ்டியரிங்கத் தொடக்கூடாது. தொட்டா நானே போய் ஓலைய நிறுத்தச் சொல்வேன்."

"வேலை போயிரும்" என்றேன்.

"மில்லு வேலைய உட்டவருதான. பழக்கம் இருக்குது."

ரைட்டர் ரோட்டோரத்துச் சில்வர் ஓக் மரத்தைப் பார்த்தார். அவருக்கு அது ஒரு மரம். பிறகு யாரிடமோ சொல்வது போல், "காப்பிப் பழத்துக்குத் தோல் உரிக்கற பல்பர் ஷெட்டுல பழம் கொட்டறதுக்கு ஆள் கேட்டுட்டு இருந்தாங்க" என்றார். "பகல் வேலை. ஒரு பழம் ரெண்டாத் தெரிஞ்சா அங்க நட்டமில்ல."

"அப்ப நாளைக்கு ஓலைங்க மாமா?"

"வாசிக்கட்டும். என்னத்தையாவது வாசிக்கட்டும்."

சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஜீப்பைப் பூட்டினேன். சாவியை ரைட்டர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மூன்று பேரும் நாகலூர் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றோம். குளிர் அடித்தது.

பஸ் வந்தது. எனக்கு அது ஒன்றுக்கு மேலாக வந்தது. எதற்கு ஞானசுந்தரி கை காட்டினாளோ அதில் ஏறினேன்.