நாலாவது வரி

முதல் குழந்தை நடுவில் நிறுத்தியபோது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை, அதிலும் இங்கிலீஷ், அதிலும் எதிரே டேப்லெட்டும் கையுமாக ஒருத்தி உட்கார்ந்து வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். படிக்க வேண்டியது ஐந்தே வாக்கியம். ஒரு நாய், ஒரு சிவப்பு வாளி, திடீரென்று மழை. குழந்தை மூன்று வாக்கியங்களை விரலால் தடவித் தடவிப் படித்தாள். நாலாவது வந்ததும் விரலை எடுத்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். தலை லேசாகச் சாய்ந்திருந்தது. ஒரு வாக்கியம் படிக்கிற நேரம் போனதும் திரும்பி, ஐந்தாவதைச் சத்தமாகப் படித்து முடித்தாள்.

ஒரு வரி விட்டால் ஐந்தில் ஒரு மதிப்பெண் போச்சு. அதற்கெல்லாம் கலங்குகிற ஆள் இல்லை அவள். பள்ளி பள்ளியாகப் போய்ச் சின்னப் பிள்ளைகள் இங்கிலீஷில் எவ்வளவு படிக்கிறார்கள், எவ்வளவு எழுதுகிறார்கள் என்று அளந்து வருவதுதான் அவள் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறாள். பிள்ளை பத்து நொடிக்குள் படிக்க ஆரம்பிக்காவிட்டால் சோதனையை நிறுத்திப் பூஜ்யம் போட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. மற்றவர்கள் பதினைந்து, இருபது என்று தாராளமாக விடுவார்கள். இவளுக்குப் பத்து என்றால் பத்து. அலுவலகத்தில் இவளுக்குப் பெயரே 'பத்து செகண்ட்'. கிண்டலுக்கு வைத்த பெயரைப் பட்டம் வாங்கியதுபோல் சுமந்துகொண்டு திரிந்தாள்.

இரண்டாவது குழந்தையும் அதே வரியில் நிறுத்தியது. மூன்றாவதும், சொல்லிவைத்தாற்போல். யாரோ பழக்கியிருக்கிறார்கள் என்றால், கதைத்தாளின் உறையை அவளே இப்போதுதான் கிழித்தாள். முன்னால் பார்த்திருக்க வழியே இல்லை. அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. காலையில் அவள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் ஐந்து வாக்கியம் எழுதிய தாள்கள் பையில் இருந்தன. எடுத்துப் புரட்டினாள். இருபது தாள். கோணல் எழுத்து, குண்டு எழுத்து, அழித்து அழித்துக் கிழிந்த எழுத்து என்று எல்லாம் இருந்தன. இருபதிலும் நாலாவது வரி மட்டும் காலியாக இருந்தது.

டேப்லெட்டின் மூலையில் ஒரு பச்சைக் கோடு ஓடும். குரல் கேட்டால் துள்ளும், கேட்காவிட்டால் படுத்துக்கொள்ளும். பேச வாயெடுக்கும் பிள்ளை மூச்சை இழுத்தால்கூட ஒரு நெல்லளவு எழும்பும். மூன்றாவது குழந்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மௌனத்தில் கோடு துள்ளியதை அவள் பார்த்தாள். ஃபேன் காற்றாக இருக்கும் என்று எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாள். அறையை உடனே வெக்கை பிடித்துக்கொண்டது. நாலாவது குழந்தை வந்தது. மௌனத்தில் கோடு மறுபடியும் துள்ளியது, ஒரு வாக்கியத்தின் ஏற்ற இறக்கத்தோடு.

ஐந்தாவதாக வந்தவள் இரட்டைப் பின்னல்காரி, முன்பல் இரண்டும் இல்லை. அவள் உட்காருவதற்கு முன்பே இவள் ஸ்கேலை எடுத்து நாலாவது வரியின்மேல் வைத்து மறைத்தாள். பின்னல்காரி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வரி படித்தாள், சுவரைப் பார்த்தாள், ஐந்தாவதைப் படித்தாள். படித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: மழையில் நாய் எங்கே ஒதுங்கியது? பதில் நாலாவது வரியில் மட்டும்தான் இருக்கிறது.

"நீல வண்டிக்கு அடியில," என்றாள் பின்னல்காரி.

"அந்த வரிய நீ பாக்கவே இல்லையேம்மா. எப்படித் தெரியும்?"

"அவ படிச்சாளே."

"யாரு?"

"பதினாலு." பின்னல்காரி பெஞ்சில் தன் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். "மிஸ், மார்க் கொறஞ்சா எங்கள வேற வேற க்ளாஸ்ல போட்டுருவாங்களாமே. அப்ப அவ யார்கூடப் படிப்பா?"

"நீ போம்மா, அடுத்தவங்கள வரச் சொல்லு," என்றாள். மீதிப் பிள்ளைகளையும் கேட்டு முடித்தாள். எல்லாரும் நீல வண்டிக்கு அடியில் என்றார்கள். எல்லாருக்கும் விதிப்படி எழுத்துக்கு ஒன்று, வாசிப்புக்கு ஒன்று என்று மதிப்பெண் வெட்டினாள். வெட்டும்போதெல்லாம் கை கூசியது. பட்டியலில் இருபது வரிசைகள் நிரம்பி, பதினாலு மட்டும் திறந்து கிடந்தது. வகுப்பின் சராசரி தேர்ச்சிக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது.

வகுப்பு டீச்சர் வராந்தாவில் கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். மெலிந்த பெண், சேலை முந்தானை முழுக்கச் சாக்பீஸ் பொடி. போன வருடம் இதே பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோதும் இந்தப் பெண்தான் டீச்சர்; சோதிக்க வந்ததும் இதே 'பத்து செகண்ட்'தான்.

"பதினாலாம் நம்பர் இன்னிக்கு வரலயா?" என்று டீச்சரிடம் கேட்டாள்.

டீச்சர் முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள். "அவ இல்ல மேடம். லீவுல காய்ச்சல் வந்துச்சு. மூணே நாள். பேர அடிக்கணும்னுதான் நெனைக்கிறேன், பேனாவ எடுத்தா கை வரமாட்டேங்குது." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "போன வருஷம் நீங்க பூஜ்யம் போட்டீங்களே, அந்தப் பொண்ணு."

நினைவு வந்தது. வராமல் என்ன. மெல்லிசான கழுத்து, காதில் பஞ்சு. தாளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள், உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது. ஒன்பதாவது நொடியில் வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். பத்தாவது நொடியில் இவள் பொத்தானை அழுத்தி, "போலாம்மா," என்றாள். திறந்த வாய் திறந்தபடியே அந்தக் குழந்தை எழுந்துபோனது. கதவருகே நின்று மேஜைமேல் இருந்த தாளைத் திரும்பிப் பார்த்தது.

"எனக்குப் படிக்கத் தெரியும் டீச்சர், நான் ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சுன்னு வந்து அழுதா," என்றாள் டீச்சர். "அவளுக்கு வாய் தெறக்க நேரமாகும், அவ்வளவுதான். தெறந்துட்டா தண்ணி மாதிரி படிப்பா. க்ளாஸ்ல ஆளுக்கு ஒரு வரி படிக்கணும். மொத பெஞ்சுல நாலாவது ஆளு அவ, அதனால எந்தப் பாடமா இருந்தாலும் நாலாவது வரி அவளோடது. அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் முந்தக் கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட கண்டிப்பா சொல்லிவச்சேன். அத நான் திருப்பி எடுக்கல மேடம். எப்படி எடுக்கறதுன்னு தெரியல."

"உங்களுக்கும் கேக்குதா?"

டீச்சர் கதவை விட்டு விலகினாள். "பிள்ளைங்கள மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அவள் அறைக்குள் திரும்பி வந்தாள். 'வரவில்லை' என்கிற பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் பட்டியல் மூடிக்கொள்ளும், மதிப்பெண்கள் கிளம்பிவிடும், வகுப்பைக் கலைக்கிற வேலையை யாரோ பார்த்துக்கொள்வார்கள். மத்தியான வெயில் பெஞ்சுகளின்மேல் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. இத்தனை வெளிச்சத்தில் பயப்படுகிறோமே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. ஒரு மூச்சு இழுக்கிற நேரம் அந்தக் குழந்தைக்குத் தரவில்லை. கொடுத்திருந்தால் தன் வீட்டுச் சொத்தா குறைந்திருக்கும்.

எதிர் பெஞ்சை நேராக்கினாள். கதைத்தாளை அதன் பக்கம் திருப்பி வைத்து, நாலாவது வரியை மறைத்திருந்த ஸ்கேலை எடுத்தாள். பதினாலாவது வரிசையைத் தொட்டு, 'தொடங்கு' என்றதை அழுத்தினாள். எண்கள் ஓடின. மைதானத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தில் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் தானாக நிறுத்தப் போயிற்று. அவள் அதை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவசரமில்ல கண்ணு," என்றாள். "நீ எப்ப வேணா ஆரம்பி."

பதினாறு, பதினேழு. மைதானத்துச் சத்தம் சட்டென்று அடங்கியது, அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டதுபோல். ஃபேன் நின்றிருந்தது. அவளும் மூச்சுவிடவில்லை. பத்தொன்பதில், தட்டையாகப் படுத்துக் கிடந்த பச்சைக் கோடு மெல்ல ஒரு நெல்லளவு எழும்பியது.