பதின்மூன்றாம் படுக்கை

பன்னிரண்டு படுக்கைகள் கொண்ட அந்த வார்டின் பதின்மூன்றாவது நோயாளி, நர்ஸ்களின் மேஜைமேல் ஒரு பீங்கான் குவளையில் இருந்தது. தடித்த இலைகளை ரோஜாப்பூப் போல அடுக்கிக்கொண்டு நிற்கும் கள்ளி வகைச் செடி. ஹெட் சிஸ்டருடையது. இரண்டு வாரப் பயிற்சிக்குக் கிளம்பும்போது அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "செடிய மறந்துடாதீங்க."

ஆஸ்பத்திரியில் மறக்காமல் இருக்க ஒரே வழி, எழுதி வைப்பது. காலை ஷிப்ட் நர்ஸ் ஒரு சார்ட் எடுத்து, 'படுக்கை 13: தண்ணீர் 25 மில்லி' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மாலை ஷிப்ட் அதைப் பார்த்துத் தன் பங்குக்கு 25 ஊற்றியது. இரவு ஷிப்ட் மட்டும் சளைத்ததா என்ன? ஊசிக்குழாயில் அளந்து, ஒரு வேளைகூடத் தவறாமல் ஊற்றினார்கள்.

பதினான்காம் நாள் காலை, இலைகள் கண்ணாடி போலாகி, தொட்டதும் கழன்று விழுந்தன. காலை ஷிப்ட் நர்ஸ் நாள்காட்டியைப் பார்த்தாள். ஹெட் சிஸ்டர் மறுநாள் வருகிறார். அவருடைய இழுப்பறையில் இவளுடைய ஒரு வார லீவு விண்ணப்பம் கிடக்கிறது. அக்காவுக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம், இன்னும் போய்ப் பார்க்கவில்லை. "சித்தி வர்றதுக்குள்ள அவனுக்கு மீசையே முளைச்சிடும்" என்று அக்கா போனில் குத்திக்கொண்டே இருந்தாள்.

வார்டு உதவியாளர் வீட்டு மாடி முழுக்கத் தொட்டிகள். அவரைக் கூப்பிட்டாள். அவர் சார்ட்டை வாங்கிப் படித்தார்.

"மூணு வேளையா? எனக்கே வீட்டுல ரெண்டு வேளைதான்மா."

"விளையாடாதீங்கண்ணே. பிழைக்குமா?"

"உள்ள போனதை எழுதியிருக்கீங்க. வெளிய வந்தது எங்க?"

சார்ட்டில் 'வெளியேறிய அளவு' என்ற கட்டம் பதினான்கு நாளும் காலி. ஒரு நோயாளிக்கு ஆறு மணி நேரம் சிறுநீர் வராவிட்டால் டாக்டரை விரட்டிப் பிடிக்கிறவள் அவள். குவளையைத் தூக்கி அடியைப் பார்த்தாள். ஓட்டையே இல்லை.

சாமான் அறையில் செய்தித்தாளை விரித்துச் செடியை எடுத்தார்கள். மண் சேறாகி நாறியது. வேரில் முக்கால்வாசி கறுப்பு.

"கறுப்பெல்லாம் வெட்டு. பாவம் பார்க்காத."

கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு வெட்டினாள். நாலு வெள்ளை வேர்கள் மிஞ்சின. உதவியாளர் தன் வீட்டு மாடியிலிருந்து கொண்டுவந்த, அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டி ஒன்றில் பருமணலும் செங்கல் பொடியும் கொஞ்சம் மண்ணும் கலந்து நிரப்பினார்.

"நட்டுடலாமா?"

"இப்ப நட்டா திரும்ப அழுகும். வெட்டின இடம் ரெண்டு நாள் காயணும். நட்ட பிறகும் ஒரு வாரம் சொட்டுத் தண்ணி கூடாது."

"நாளைக்கு வந்துடுவாங்கண்ணே. இன்னிக்கே நிமிர்த்தி நட்டு வச்சா, பார்க்க நல்லா இருக்குமே."

"இருக்கும். போட்டோ எடுத்து மாலை போட."

சீழ் பிடித்த புண்ணுக்கு மேலே புதுக் கட்டுப் போட்டு மறைக்கச் சொன்னால் அவள் யாரையும் சும்மா விட்டதில்லை. நடவில்லை.

மறுநாள் ஹெட் சிஸ்டர் பார்த்தது இதை: ஒரு மருந்துத் தட்டில், வெள்ளைத் துணிமேல், ஆறே இலைகளோடு மொட்டையாகப் படுத்திருந்த செடி. பக்கத்தில் காலிக் குவளை, சார்ட். கடைசி வரி: 'வேர் அறுவை முடிந்தது. வாய்வழி எதுவும் தரக்கூடாது.'

பதினான்கு நாள் பதிவையும் அவர் நிதானமாகப் படித்தார்.

"ஒரு கையெழுத்துகூட விட்டுப்போகல. மத்த பன்னிரண்டு சார்ட்ல இந்த ஒழுங்கை நான் பார்த்ததே இல்லையே."

"மன்னிச்சிடுங்க சிஸ்டர். குவளைல ஓட்டையும் இல்ல." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். குவளையைத் தேர்ந்தெடுத்தவர் எதிரே நிற்கிறார்.

ஹெட் சிஸ்டர் குவளையைக் கவிழ்த்து அடியை விரலால் தடவிப் பார்த்தார். "பார்க்க அழகா இருந்துச்சு" என்றார், குரலை இறக்கி. பிறகு இழுப்பறையைத் திறந்தார்.

"லீவு எப்பலேர்ந்து?"

"நாளைக்கு மத்தியானத்துலேர்ந்து, சிஸ்டர்."

"காலைல நட்டுட்டுக் கிளம்பு. ஒரு வாரம் தண்ணி ஊத்தாம இருக்கணும்னா, உன்னை மாதிரி பொறுப்பான ஆள் இந்தப் பக்கமே இருக்கக் கூடாது."

கையெழுத்திட்டார். மற்ற இரண்டு ஷிப்டுக்கும் லீவு கொடுக்க வழியில்லை. அதனால் செடியின் ஊசிக்குழாயை, விண்ணப்பம் கிடந்த அதே இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.