கைக்கு வந்த கல்

வருகைக்குப் பேர் கூப்பிட்டால் சொர்ணலட்சுமி வாய் திறக்கமாட்டாள். ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருப்பாள். மாதக் கடைசியில் தானே வந்து கூப்பிடப்போவதாகவும், அன்றைக்கும் பதில் இல்லையென்றால் பதிவேட்டில் பேரை அடித்துவிடப்போவதாகவும் தலைமையாசிரியர் ஆவுடையப்பன் சொல்லிவிட்டார். சின்னாளபட்டி நெசவாளர் தெருப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு அது. பக்கத்தில் உட்காரும் ராக்கம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. பதினாறாம் வாய்ப்பாட்டைச் சிலேட்டில் பிசகில்லாமல் எழுதுகிறவளுக்கு வாயைத் திறக்க மட்டும் என்ன கேடு?

ராக்கம்மாள் கிள்ளிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடலைமிட்டாய்கூட வாங்கிக் கொடுத்தாள். அதைத் தின்றுவிட்டுச் சொர்ணம் மறுபடியும் கம்பியை எண்ணப் போய்விட்டாள். ராக்கம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மத்தியானம் பிள்ளைகள் கல்லைத் தூக்கிப்போட்டுப் பிடித்துச் சொட்டாங்கல் ஆடுவார்கள். ஒருத்தி ஆட்டம் முடிந்ததும் கல்லை அடுத்தவள் உள்ளங்கையில் வைப்பாள். வாங்கியவள் ‘என் ஆட்டம்’ என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும். அது அந்தத் தெரு வழக்கம். ஒருநாள் ஆட்டம் முடித்த மூக்காயி ஆள் பார்க்காமல், பக்கத்தில் நீண்டிருந்த கையில் கல்லை வைத்துவிட்டாள். அது சொர்ணத்தின் கை.

“என் ஆட்டம்” என்றாள் சொர்ணம், கணீரென்று.

ராக்கம்மாள் அந்த வழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வாத்தியார் வெளியே போகும்போதெல்லாம் மூக்காயி பேர் கூப்பிடுவாள். பேர் வந்தவளுக்குப் பிள்ளைகள் கல்லைக் கைமாற்றுவார்கள். கல் வந்தவள் ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும். பத்து நாள் பழகியதில் சொர்ணம் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

மாதக் கடைசியில் ஆவுடையப்பன் பதிவேட்டோடு வந்து உட்கார்ந்தார். மூன்றாவது பேரிலேயே கல் கைமாறுவதைப் பார்த்துவிட்டார். வகுப்பில் என்ன விளையாட்டு என்று அதட்டி, வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

“சொர்ணலட்சுமி.”

சொர்ணம் அவர் கையிலிருந்த கல்லையே பார்த்தாள். அவர் பேனாவைத் திறந்தார். அப்போது சொர்ணம் எழுந்தாள். நேரே மேசைக்குப் போய் அவர் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். மனுஷன் திருதிருவென்று முழித்தார்.

“குடுத்துருங்க சார். கல்லு வந்தாத்தான் பேசுவா” என்றாள் ராக்கம்மாள்.

கொடுத்தார்.

“உள்ளேன் ஐயா.”

அவர் பேனாவை மூடினார். சொர்ணம் விட்டாளா? கல்லை அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, நகராமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இப்ப ஒங்க மொறை, சார்” என்றாள் ராக்கம்மாள்.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். வகுப்பை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார்.

“உள்ளேன், தாயி.”

அதற்கப்புறம்தான் சொர்ணம் இடத்துக்குப் போனாள். அவர் அடுத்த பேரைக் கூப்பிட்டார், கல்லை நீட்டியபடியே.