தோல்வழி மருந்து

தங்கமுத்துவின் உடம்புக்குள் மருந்தை இறக்குவதற்கு நாலு மாதமாக வழி தேடியதில் வேலுத்தாய் அரை நர்ஸாகவே ஆகிப்போயிருந்தாள். யாரும் சான்றிதழ் தரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் மாத்திரைதான். கணவருக்குத் தொண்டையில் புற்று என்று மதுரையில் சொல்லி, முப்பது நாள் கதிர்வீச்சுக் கரண்டு வைத்து, இனிமேல் வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்ட புதிதில், மாத்திரை வெந்நீரோடு இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு இறங்க மறுத்தது. கரைத்துக் கொடுத்தாள், கரைத்தது மூக்கு வழியே திரும்பி வந்தது. அந்த மூக்கிலேயே குழாய் போட்டார்கள். இரண்டு தடவை பிடுங்கி எறிந்தார். மூன்றாம் தடவை போட வந்த டாக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிடுகிற மனுஷனிடம் யார் என்ன பேச முடியும்? நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை ஒன்று வந்தது. எச்சில் வற்றிய வாயில் அது சாயங்காலம் வரைக்கும் பொடிக்கல்லாகக் கிடந்தது. ஊசி போடலாம் என்றால் சதை இல்லை. நரம்பில் ஏற்றலாம் என்றால், அகப்பட்ட நரம்பும் ஊசியைக் கண்டதும் ஒளிந்துகொண்டது. பின்பக்கமாக வைக்கிற மருந்தும் இருக்கிறது என்று நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்ன அன்று, தங்கமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் மறுநாள் வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கொடைக்கானல் மேல்மலைப் பூண்டியில் பத்துப் பேருக்கு முன்னால் நியாயம் பேசிய ஆள். அந்த வாசலையும் சாத்தியாகிவிட்டது.

நல்ல நேரத்தில் நாலு கரண்டி கஞ்சித்தண்ணீர் இறங்கும். கெட்ட நேரத்தில் அதுவும் புரையேறும். வலிக்கு மட்டும் நல்ல நேரம் கெட்ட நேரம் எதுவும் கிடையாது.

வேலுத்தாய்க்கு அலுப்பு புதிதில்லை. பூண்டு பிடுங்குகிற நாட்களில் இடுப்பு கழன்றுபோகும். ஒரு தூக்கம் போட்டால் சரியாகிவிடும். இது அப்படியில்லை. தூங்கி எழுந்தாலும் அப்படியே இருந்தது. மகள் கண்மணி கைக்குழந்தையோடு திருப்பூரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போட்டு அழுவாள். அவள் அழுது முடிக்கிறவரைக்கும் ஆறுதல் சொல்வதும் வேலுத்தாயின் சோலிகளில் ஒன்றாகச் சேர்ந்துபோனது.

தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, வீடு வீடாக வந்து பார்க்கிற நர்ஸ் தாரணி புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தாள். கீழே வத்தலக்குண்டுப் பெண், வேலைக்காகக் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். சின்ன உறையைக் கத்தரித்து, தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிசாக, கண்ணாடி மாதிரி மெல்லிசாக ஒரு ஒட்டுத்தாளை எடுத்தாள். தங்கமுத்துவின் நெஞ்சில் இடது பக்கம் தோள் எலும்புக்குக் கீழே ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தாள். தாளில் இருக்கிற மருந்து தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் சேரும், மூன்று நாளைக்கு வரும், விழுங்க வேண்டாம், குத்த வேண்டாம் என்றாள். சும்மா தொடக் கூடாது, கத்தரிக்கக் கூடாது, பழைய தாளைக் குப்பையில் போடாமல் மடித்து என்னிடம் தர வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். முழுதாகக் கேட்க ஒரு நாள் ஆகும், அதுவரைக்கும் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும், நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போனாள்.

வேலுத்தாய்க்கு நம்பிக்கை வரவில்லை. ஐம்பத்தெட்டு வருஷத்து மழையும் பனியும் இறங்காத தோலில் மருந்து மட்டும் எப்படி இறங்கும்? அவள் நினைத்த மாதிரியே பகல் போய், இரவு போய், தங்கமுத்து முனகிக்கொண்டேதான் இருந்தார்.

விடிந்தபோது பூண்டுக்காடு முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. வேலுத்தாய் அவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். ஆட்டுக்கல்லைத் தொட்ட மாதிரி சில்லிட்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. மேல்மலையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும்: நெஞ்சுச் சளிக்குத் தைலம் தேய்த்தால் சும்மா விடக் கூடாது, தணலில் கையைக் காட்டிச் சூடு வைத்து அழுத்த வேண்டும். தோலுக்கு மேலே போட்ட எதுவும் சூடு காட்டாமல் உள்ளே இறங்காது. கீழ்நாட்டுப் பெண், பாவம், அதற்கு இதெல்லாம் தெரியுமா?

கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்தாள். தோல் பொசுங்கிவிடாமல் வேட்டித் துணியை நாலாக மடித்து ஒட்டுத்தாளின் மேல் போட்டு, அதற்கு மேலே பதமாக ஒத்தடம் கொடுத்தாள். தணல் சட்டியையும் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தாள். முடிச்சு ஆற ஆறத் திரும்பவும் வறுத்தாள். வெயில் ஏறி, வாசலில் பனி உருகிச் சொட்ட ஆரம்பித்த நேரம், தங்கமுத்துவின் நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்தது. முனகல் நின்றது. வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி தூங்கினார். நாலு மாதத்தில் அவர் அப்படித் தூங்கி அவள் பார்த்ததில்லை. படித்த பெண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தான் கண்டுபிடித்துவிட்ட பெருமை அவளுக்கு இருந்தது. கடைசியாக ஒரு முடிச்சைச் சூடாக வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து அவளும் தூங்கிப்போனாள்.

தாரணி வந்து எழுப்பியபோது மணி பதினொன்று. நல்லா தூங்குறாரு பாருங்க என்று வேலுத்தாய் சிரித்தபடியே சொன்னாள். தாரணி சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் நெஞ்சையே கவனித்தாள். முழுசாக ஒரு நிமிஷம். பிறகு இமையைத் தூக்கி, கடுகளவு சுருங்கியிருந்த கண்பாவையைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அவள் கை அந்தத் துணி முடிச்சில் பட்டது. அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"மூணு நாளைக்கு எறங்க வேண்டிய மருந்தும்மா இது. சூட்டுல மொத்தமா எறங்கிட்டு இருக்கு. நிமிஷத்துக்கு ஆறு மூச்சுதான் வருது."

வேலுத்தாய்க்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தாரணி அதற்குள் ஒட்டுத்தாளைப் பிய்த்துவிட்டு, அந்த இடத்தைப் பச்சைத் தண்ணீரால் துடைத்து, தணல் சட்டியை வாசலுக்குத் தள்ளியிருந்தாள். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் அது இருக்கிற பெட்டி வேனில் இருந்தது. அவளை இங்கே இறக்கிவிட்டு வேன் பக்கத்து ஊரான கிளாவரைக்குப் போயிருந்தது. டிரைவர் ஜெயமுருகனுக்குப் போன் போட்டாள். அரைமணி நேரம் ஆகும் என்றான். அந்த அரைமணி நேரமும் இவர் மூச்சு விட மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே வைத்தியம்.

தோளைப் பிடித்து உலுக்கி, தங்கமுத்து ஐயா, இழுத்து மூச்சு விடுங்க என்று தாரணி கூப்பிட்டாள். கூப்பிட்டால் ஒரு மூச்சு வந்தது. கூப்பிடுவதை நிறுத்தினால் மூச்சும் நின்று யோசித்தது. பத்து நிமிஷத்தில் அவள் குரல் கம்மிவிட்டது. கூப்பிட்டும் வராத மூச்சு ஒன்று வந்தது, அதாவது, வரவில்லை. உதடு நீலம் பாரித்தது.

வேலுத்தாய் தாரணியை விலக்கிவிட்டு அவர் காதருகே குனிந்தாள். அழவில்லை, கத்தவில்லை. முப்பது வருஷமாக எந்தக் குரலில் சொல்வாளோ அதே குரலில் சொன்னாள்.

"இந்தாருங்க, காட்டுமாடு எறங்கிருச்சு. பூண்டுக்குள்ள நிக்கிது."

தங்கமுத்துவின் கண் திறந்தது. நெஞ்சு தூக்கி ஒரு மூச்சு உள்ளே போனது. வலது கை கட்டிலுக்குக் கீழே டார்ச்சைத் தேடியது.

அவ்வளவுதான், வேலுத்தாய் பிடித்துக்கொண்டாள். மேல்வயலில் ஒன்று நிற்கிறது என்றாள். கல்லுக்கட்டைத் தாண்டிவிட்டது என்றாள். ஒன்றில்லை, மூன்று, கன்றுக்குட்டியும் கூட இருக்கிறது என்றாள். நாலாவது பாத்தியை மிதித்துவிட்டது, எழுந்து விரட்டுங்கள், நான் ஒரு பொம்பளை என்ன செய்வேன் என்றாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு வந்தது. வேன் வந்து சேர்வதற்குள், பிடுங்கத் தயாராக நின்ற அந்தக் காட்டைப் பத்துத் தடவை அவள் மாட்டுக்குத் தின்னக் கொடுத்துவிட்டாள்.

மாற்று மருந்தைத் தொடையில் இருந்த கொஞ்ச சதையில் குத்தினார்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் தங்கமுத்து முழுசாக விழித்துக்கொண்டார். அவரோடு வலியும் விழித்துக்கொண்டது. குரல் இல்லாத தொண்டையால் அவர் கத்தியதை வேலுத்தாய் கண்ணால் பார்த்தாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். தோலில் தங்கிய மருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். முதல் நாள் சாயங்காலம் தாரணி வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தப்பு எம்மேலதாம்மா. சூடு படக் கூடாதுன்னு அந்த உறையிலயே போட்ருக்கு. எங்க ஊர்ல யாரு தீ மூட்டுறா, ஃபேனுக்கடியில கெடப்போம். உங்ககிட்ட சொல்லணும்னே எனக்குத் தோணல."

அவளைத் திட்டவும் மன்னிக்கவும் வேலுத்தாயிடம் தெம்பில்லை. டீ குடிக்கிறியா தாயி என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்கு வேறு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. ஆறு மூச்சுதான் வருகிறது என்று தாரணி சொன்னபோது, பயம் வந்து சேர்வதற்கு முன்னால், ஒரு இமைப்பொழுது அப்பாடா என்று இருந்தது. அது உண்மை. அந்த அப்பாடாவை எந்த டாக்டரிடமும் சொல்ல முடியாது, கண்மணியிடமும் சொல்ல முடியாது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அதை வைத்துக்கொண்டு இரண்டு நாளும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, முன்னதைவிடச் சின்னத் தாள் ஒன்றை வலது பக்கம் ஒட்டினார்கள். தணல் சட்டி படி தாண்டி உள்ளே வரக் கூடாது, வெந்நீர்த் துணிகூட ஆகாது, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும், பத்துக்குக் கீழே போனால் உடனே கூப்பிட வேண்டும் என்று தாரணி மூன்று தடவை சொன்னாள். சொன்னதை வேலுத்தாயைத் திருப்பிச் சொல்லவும் வைத்தாள். தங்கமுத்து கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மருந்து கேட்டது, ஆனால் அரைகுறையாகத்தான். அடுத்த தடவை அளவைக் கூட்டலாம், அவசரப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தீ இல்லாத அறையில் குளிர் தரையிலிருந்து ஏறியது. இரண்டாம் நாள் மத்தியானம் வாசல்வரைக்கும் மூடுபனி வந்து நின்றிருந்தபோது, தங்கமுத்து விரலை அசைத்து அவளைக் கூப்பிட்டார். அவருக்குக் குரல் என்று இப்போது இருந்தது வெறும் காற்றுத்தான். உதட்டருகே காதை வைத்தாள்.

"அந்த ஒத்தடத்தக் குடு, வேலு."

சூடு ஆகாதாம், நர்ஸ் சொன்னதைக் கேட்டீர்களே என்றாள்.

"கேட்டேன். கேட்டுப்புட்டுத்தேன் சொல்றேன். அன்னைக்கு நல்லா இருந்துச்சு."

வேலுத்தாய் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தாள். உப்பு அடுப்படியில் இருந்தது. தணல் வாசலில் கனன்றுகொண்டிருந்தது. எதற்கும் பத்தடிக்கு மேல் நடக்க வேண்டியதில்லை. யாரும் வந்து விசாரிக்கப்போவதும் இல்லை. ஒரு தடவை தெரியாமல் செய்த பொம்பளை, இன்னொரு தடவையும் தெரியாமல் செய்துவிட்டாள் என்பார்கள். அவர் கண் அவளைவிட்டு நகரவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் கெஞ்சியதே இல்லை. இன்றைக்குக் கெஞ்சினார்.

"நீங்க கேக்குறது நியாயந்தேன்," என்றாள். "எனக்கும் அலுத்துப்போச்சுங்க, பொய் சொல்லல. அன்னைக்குத் தெரியாமச் செஞ்சேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு. எங்கையால முடியாது."

சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கப் பயந்து, அவர் காலில் விலகிய கம்பளியை இழுத்துவிட்டாள். தங்கமுத்து கண்ணை மூடினார். கோபமா, சரி என்றா, தெரியவில்லை. கண்ணோரத்தில் ஈரம் இறங்கிக் காதுக்குள் போனது. அதைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து உதடு திரும்பவும் அசைந்தது.

"குளுருது."

இதற்கு அவளால் ஏதாவது செய்ய முடியும். தன்னுடைய கம்பளியையும் எடுத்துவந்து அவருடையதன் மேல் போட்டாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு, மருந்து ஒட்டாத இடது பக்கமாகக் கட்டிலில் ஏறி, அவரை ஒட்டிப் படுத்தாள். எலும்பெல்லாம் குத்தியது. கட்டில் அவர்கள் இரண்டு பேரையும் தாங்கிப் பல வருஷமாகியிருந்தது. அது முனகியது, பிறகு அடங்கியது. அவர் நடுக்கம் மெல்ல மெல்லக் குறைவது அவள் உடம்பில் தெரிந்தது. தங்கமுத்து கையை மெதுவாக நகர்த்தி அவள் தலையில் வைத்தார்.

நர்ஸ் சொன்னபடி அவர் மூச்சை எண்ண ஆரம்பித்தாள். பன்னிரண்டு வரைக்கும் எண்ணியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. நிமிஷம் முடிவதற்குள் தூங்கிவிட்டாள்.